இரவல் காருக்கு வந்த சம்மன்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் கார் வாங்கினால் அது அவர் குடும்பத்துக்கு மட்டும் ஓடுவதில்லை. தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக, தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போக, பக்கத்து லயத்து நண்பர் சாவி கேட்டால் மறுப்பதும் வழக்கமில்லை. சிக்கல் சில வாரங்கள் கழித்துத் தபாலில் வருகிறது. காரை ஓட்டியவர் ஒருவர். சம்மன் கடிதத்தில் இருக்கும் பெயர் இன்னொருவருடையது. கட்ட வேண்டியவர் யார், குற்றம் நடக்கவில்லை என்றால் எதிர்த்து வாதாட வேண்டியவர் யார் என்பதே இவ்வாரத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட கேள்வி.

முதலில் கையில் இருப்பது என்ன தாள் என்று பார்க்க வேண்டும். போலீஸ்காரர் சாலையில் காரை நிறுத்தி, லைசென்சையும் அடையாளக் கார்டையும் வாங்கிப் பார்த்து எழுதிக் கொடுப்பது போல் 257. அது ஓட்டியவர் பெயரிலேயே இருக்கும். கார் யாருடையது என்பது அங்கே பெரிய விஷயமல்ல. எதிர்ப்பதானாலும் ஓட்டியவரே எதிர்க்க வேண்டும்.

கேமராவில் பிடிபட்டு, தபாலில் வரும் போல் 170ஏ வேறு வகை. பலர் இதை அபராதச் சீட்டு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவின் கீழ், "அந்த நேரத்தில் உமது வாகனத்தை ஓட்டியவர் யார்?" என்று உரிமையாளரிடம் கேட்கும் கடிதம். ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் ஏழு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விடுவதே தனிக் குற்றம். அதோடு, வழக்கு என்று வந்தால் உரிமையாளரே ஓட்டினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழும்.

ஆகவே நண்பர் காரில் போனவர், "சம்மன் வந்தால் சொல்லுங்க அண்ணே, காசு கொடுத்திடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது போதாது. குற்றமே செய்யவில்லை என்று அவர் வாதாட விரும்பினால், வழக்கு முதலில் அவர் பெயருக்கு மாற வேண்டும். அதற்கு உரிமையாளர் காலத்தோடு எழுத்தில் பதில் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வைத்திருக்க வேண்டும். முகத்தாட்சண்யத்தால் உரிமையாளரே பணத்தைக் கட்டிவிட்டால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு எதிர்க்க ஒன்றும் மிஞ்சாது. லைசென்சுக்கு இன்னும் ஆபத்து வராத ஒருவர் பெயரைக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்ற யோசனையும் அங்கங்கே உண்டு. தெரிந்தே பொய்த் தகவல் தருவதும் குற்றம்தான்.

தோட்டப்புறத்தில் இந்த ஏழு நாள் கணக்கு தவறிப்போக ஒரு காரணம் முகவரி. தோட்டத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகளான பிறகும் காரின் பதிவில் பழைய லயத்து முகவரியே இருக்கும். கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடக்கும். சாலை வரியைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் பெயர் கறுப்புப் பட்டியலில் இருப்பது தெரியவரும்.

அந்தப் பட்டியலே ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படாத சம்மனுக்காகச் சாலை வரியைப் புதுப்பிக்க மறுக்கலாமா என்று சரவாக்கைச் சேர்ந்த ஒருவர் கேட்டார். அப்படி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கூச்சிங் உயர் நீதிமன்றம் 2009ல் தீர்ப்பளித்தது. அதைச் சொல்லி முகப்பில் வாதாடுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அதன் பிறகு சட்டத்தின் 17ஆம் பிரிவு திருத்தப்பட்டு, நிலுவையில் விவகாரம் இருந்தால் மறுக்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டுவிட்டது. பழைய தீர்ப்பை நம்பிச் சும்மா இருப்பது இப்போது கைகொடுக்காது.

எதிர்ப்பது என்றால் குறிப்பிட்ட நாளில் நீதிமன்றத்துக்குப் போய்க் குற்றத்தை மறுத்து விசாரணை கேட்பது. எந்த நீதிமன்றம் என்பதிலும் கவனம் வேண்டும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் சாலையின் கீழ்ப்பகுதி பேராக் மாநிலம். மேலே வந்தால்தான் பகாங். ஒரே பயணத்தில் எந்த வளைவில் பிடிபட்டார் என்பதைப் பொறுத்துத் தாப்பாவுக்குப் போவதா, மலையிலேயே முடிவதா என்பது மாறும். தேயிலை பறிக்கும் தொழிலாளிக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் சம்பளம்.

இந்தக் கணக்கைப் போட்டே பலர் கட்டிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, குற்றம் உண்மையாக இருந்தால். கம்பவுண்டு அதிகபட்சம் 300 வெள்ளி; வேகக் குற்றம் நீதிமன்றத்தில் நிரூபணமானால் அபராதம் 2,000 வெள்ளி வரை போகலாம். 2026 ஜனவரி 1ல் தொடங்கிய முறைப்படி, முதல் 15 நாட்களுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு, 16 முதல் 30 நாட்களுக்குள் 33 விழுக்காடு. 60 நாட்கள் தாண்டினால் நீதிமன்றம். ஆனால் படத்தில் இருப்பது வேறு கார், எண் தவறு, அந்த நாளில் கார் பட்டறையில் இருந்தது என்பது போன்ற ஆதாரம் கையில் இருந்தால், கழிவைப் பார்த்து மயங்குவதற்கில்லை. படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பட்டறை ரசீது, முன்கண்ணாடிக் கேமராவின் பதிவு எல்லாவற்றையும் அன்றே எடுத்து வைக்க வேண்டும். வேகம் பற்றிய வழக்கென்றால், வேகமானி சரிபார்க்கப்பட்டதற்கான சான்றிதழைப் பற்றிக் கேட்கலாம்.

சில குற்றங்களில் இருவருமே மாட்டிக்கொள்வார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இன்சூரன்ஸ் இல்லாத காரை ஓட்டியவரும் குற்றவாளி, ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளி. லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுப்பதும் அப்படியே.

நீதிமன்றத்தில் மலாய் மொழியில் குற்றச்சாட்டைப் படிக்கும்போது புரியாமல் தலையாட்டிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிட்டதே என்று வெளியே வந்து வருந்துவோர் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.