வால்வில் இறுகும் கரி

முன்னைய மோட்டார் எஞ்சின்களிற் காற்று உட்புகும் வால்வைப் பெற்றோல் கழுவிச் சென்றது. 1996இல் யப்பானின் மிற்சுபிசி நிறுவனம் கலன்ற் காரிற் புகுத்திய நேரடி முறையிலோ, பெற்றோல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகின்றது. எரிபொருள் மிச்சமாகின்றது, வால்வோ கழுவப்படாதிருக்கின்றது. எஞ்சினின் அடியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அதன்மேற் படிந்து, சூட்டினாற் கரியாக இறுகுகின்றது. காற்றோட்டம் தடைப்பட, எஞ்சின் நடுங்கும், வலுக் குறையும்.

இதற்கெனப் பெற்றோல் தாங்கியிலே மருந்து ஊற்றுவோர் உளர். பெற்றோலே செல்லாத இடத்துக்கு அம்மருந்து எங்ஙனம் செல்லும்? காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்றி, வால்வு மூடியிருக்கும் நிலையில், வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தால் வீசிக் கரியை அகற்றுவதே உறுதியான வழி. உரிய காலத்தில் எஞ்சின் எண்ணெயை மாற்றுவது கரி படிவதைத் தாமதிக்கும். நோயின் இடத்தை அறிந்தபின்னரே மருந்துக்குப் பணம் செலவிடுவோமாக.