இல்லத் திரையரங்கிற்கு ஓசையடங்கிய கணினி

நம் பழைய மாணவருட் பலர் இன்று தம் இல்லங்களிலே பெருந்திரை அமைத்துப் படமும் இசையரங்கும் கண்டு மகிழ்கின்றனர். அவற்றைச் சேமித்து வழங்குதற்குரிய கணினியைத் தாமே உறுப்புறுப்பாகத் தேர்ந்து அமைப்பாரும் உளர். அவ்வாறு அமைப்போர் பெரும்பாலும் வேகத்தையே நாடுகின்றனர், ஓசையை மறந்துவிடுகின்றனர். பாடகர் ஆலாபனையிலே குரலை ஒடுக்கும் தறுவாயிற் பெட்டியினுள்ளிருந்து விசிறி இரையத் தொடங்குமாயின், வேகத்தாற் பெற்ற பயன் யாது?

விசிறி சுழல்வது வெப்பத்தை அகற்றுதற்கே. ஆதலின் வெப்பத்தைக் குறைப்பவன் ஓசையையும் குறைப்பவனாவான். படம் பார்த்தற்கு வலிமிக்க செயலி வேண்டுமென்பது பலரிடத்து வேரூன்றிய எண்ணம், அது பொருந்தாது. படங்கள் யாவும் சுருக்கிய வடிவிலேயே சேமிக்கப்படுகின்றன. 2003இல் எச்.264, 2013இல் எச்.265, 2018இல் ஏ.வி.1 எனச் சுருக்கமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இவற்றை விரித்துக் காட்டுதற்கென்றே செயலியினுள் தனியுறுப்பு அமைந்திருப்பின், ஏனைய பகுதிகள் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். அவ்வுறுப்பு இல்லாதவிடத்து விலையுயர்ந்த செயலியும் வீணே வெப்பமுறும். 2023ஆம் ஆண்டு வெளிவந்த இன்ரெல் என்.100 என்னும் சிறு செயலிக்குக் குறிக்கப்பட்ட வலு 6 உவாற்று மாத்திரமே. எனினும் மேற்கூறிய மூன்று முறைகளையும் அது தன் தனியுறுப்பினாலேயே விரிக்க வல்லது. படம் பார்த்தலே நோக்கமாயின், தனியே வரைகலை அட்டை வாங்குதல் காசுகொடுத்து இன்னுமொரு விசிறியை வீட்டிற்கு அழைத்தலேயாம்.

இனி, விசிறி. அதன் சுழற்சியை அரைவாசியாக்கினாற் காற்றும் அரைவாசியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 தெசிபெல் தணியும். ஒத்த விசிறிகள் இரண்டு ஒருங்கே சுழன்றால் ஓசை 3 தெசிபெல்லே மிகும். எனவே விரைந்து சுழலும் ஒன்றினும் மெல்லச் சுழலும் இரண்டு மேல் என்பது கணக்கினாலேயே பெறப்படும். 80 மில்லிமீற்றர் விசிறியினும் 140 மில்லிமீற்றர் விசிறி நன்றென்பதற்கும் காரணம் இதுவே. பெரியது மெல்லச் சுழன்றே வேண்டிய காற்றைத் தரும். விசிறியே இல்லாத பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. குளிர்நாட்டார் புகழ்வதைக் கேட்டு அவற்றை வாங்கவேண்டா. சித்திரை மாதத்து யாழ்ப்பாணத்திலே அறையே கொதிக்கும்போது உலோகத்தகடு தன் வெப்பத்தை எங்கே விடும்? மெல்லச் சுழலும் ஒரு விசிறியாவது இருத்தல் நன்று. கண்ணாடிக் கதவிட்ட அலுமாரியினுள்ளே பெட்டியைப் பூட்டி வைத்தலோ எல்லா முயற்சியையும் பாழாக்கும்.

மின்வழங்கியைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. 40 உவாற்று உண்ணும் கணினிக்கு 600 உவாற்று வழங்கி மிகை. மடிக்கணினிக்கு உள்ளதுபோன்ற, விசிறியற்ற புறவழங்கியே போதும்.

வன்தட்டே உண்மையான இடர். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் அளித்த முதல் வன்தட்டுச் சாதனம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களைக் கொண்டு ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே தாங்கிற்று. இன்றோ உயர்தரப் படத்தட்டு ஒன்றே 100 ஜிகாபைற்று வரை கொள்ளும். இருநூறு படங்களைச் சேமிக்க விரும்புவோர்க்குச் சுழலாத திண்மநிலைச் சேமிப்பகம் கட்டுப்படியாகாது. சுழலும் தட்டுக்களையே நாடவேண்டும். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு வினாடிக்கு 90 முறை அதிர்கின்றது. அவ்வதிர்வு பெட்டியின் தகட்டிற் பரவி இரைச்சலாகும். இறப்பர் வளையங்களின்மேல் அமர்த்தினால் ஓரளவு அடங்கும், முற்றாக அடங்காது.

ஆகவே ஒரே பெட்டியிற் காட்சியையும் களஞ்சியத்தையும் சேர்த்தல் தகாது என்பது எம் துணிபு. திரையருகே சிறு திண்மநிலைச் சேமிப்பகங் கொண்ட கணினி மாத்திரம் இருக்க; தட்டுக்கள் நிறைந்த வழங்கி வேறோர் அறையில் இருக்க. சுவரினும் சிறந்த ஒலித்தடை எக்கடையிலும் விற்கப்படுவதில்லை. இரண்டினையும் கம்பியால் இணைத்தல் வேண்டும். உயர்தரப் படத்தட்டின் உச்ச ஓட்டம் வினாடிக்கு 128 மெகாபிற்று. சாதாரண வலையமைப்புக் கம்பியோ 1000 மெகாபிற்றைச் சுமக்கும். கம்பியில்லா இணைப்பு கற்சுவர்களைக் கடக்கையிலே தளரும். வழங்கி இரவுபகலாய் விழித்திருப்பது. 30 உவாற்று உண்பதாயினும் ஆண்டுக்கு 263 அலகு மின்சாரம் செலவாகுமென்பதை மின்கட்டணம் செலுத்துவோர் நினைவிற் கொள்வாராக.

இரு தட்டுக்களில் ஒன்றையே இணையாய் எழுதிவைத்தலைப் பாதுகாப்பென நம்புவோர் பலர். ஒரு தட்டுப் பழுதுற்றால் அது உதவும். கைதவறி அழித்தாலோ இரண்டிலும் ஒருங்கே அழியும். திரைப்படம் போனால் மீண்டும் வாங்கலாம். மறைந்த தந்தையின் குரலையும் தமக்கையின் திருமணக் காட்சியையும் எவரிடம் வாங்குவது? அத்தகையவற்றை மட்டும் தனித்தட்டொன்றிற் படியெடுத்து உறவினர் வீட்டிலே வைத்து, ஆண்டுக்கொருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். கைப்பணம் போதாதாயின் அத்தட்டினை முதலில் வாங்குக; நல்ல விசிறியை அடுத்த மாதத்துச் சம்பளத்தில் வாங்கலாம்.