எந்த வண்ணம் முதலில்?

மாதிரி விமானம் செய்வோரில் பலர், துண்டுகளைப் பொருத்தி ஒட்டும் வேலையை வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்கின்றனர். வண்ணம் பூசும் கட்டம் வந்ததும் அவசரப்படுகின்றனர். அத்தனை உழைப்பும் பாழாவது பெரும்பாலும் அந்த ஒரு மாலைப் பொழுதில்தான். ஒரே வண்ணமானால் கவலையில்லை. இரு வண்ணங்கள் சந்திக்கும் கோடு ஒன்று வந்துவிட்டால், எதை முதலில் பூசுவது, எதை மூடி வைப்பது என்னும் இரண்டு வினாக்களுக்கும் தூரிகையைத் தொடுமுன்பே விடை கண்டாக வேண்டும்.

'வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்பு' என்பது இதில் பழகியோர் சொல்லும் விதி. காரணம் ஒளியில் இருக்கிறது. கறுப்பு வண்ணத்திலுள்ள கரித்தூள் தன்மேல் விழும் ஒளியை விழுங்கிவிடுகிறது. ஆகவே மெல்லிய பூச்சே அடியிலுள்ளதை மறைக்கப் போதும். வெள்ளைக்கு அந்த வசதியில்லை. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு, ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பியே வெண்மையைக் காட்டுகிறது. பூச்சு மெலிந்திருந்தால் ஒளியில் ஒரு பகுதி ஊடுருவிச் சென்று, அடியிலுள்ள கறுப்பில் சிக்கித் திரும்பாமல் போகிறது. நம் கண்ணுக்குச் சாம்பல் நிறம் தெரிகிறது. நான்கு முறை பூசினால் மறையும்தான். ஆனால் அந்த நான்கு பூச்சும் மாஸ்கிங் டேப்பின் ஓரத்தில் வயல் வரப்பைப்போல் குவிந்து நிற்கும். மஞ்சள் இன்னும் மோசம். அடியில் வெள்ளை பூசினாலன்றி அது தன் நிறத்தையே காட்டாது.

இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கை நீளம் 11.23 மீட்டர். 72-இல் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரியில் அது ஏறக்குறைய 15.6 சென்டிமீட்டர். போர் தொடங்கிய 1939-இல் இவ்விமானத்தின் அடிப்புறம் இடப்பக்கம் கறுப்பாகவும் வலப்பக்கம் வெள்ளையாகவும் இருந்தது. தரையில் நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்ததும் 'நம்முடையது' என்று அறிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. இங்கே விதி அப்படியே பொருந்தும். அடிப்புறம் முழுவதும் வெள்ளை பூசி, நன்றாகக் காய்ந்தபின் வலப்பாதியை மூடிவிட்டு இடப்பாதிக்குக் கறுப்புப் பூசினால் வேலை முடிந்தது. எந்தப் பக்கம் எந்த நிறம் என்பதை விமானத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. விமானி இருக்கையில் அமர்ந்திருப்பவரின் இடக்கை எதுவோ, அதுவே இடம்.

1940 ஜூன் முதல் அடிப்புறத்துக்கு 'ஸ்கை' என்னும் வெளிர்பச்சை வந்தது. மேற்புறத்தில் மண்பழுப்பும் கரும்பச்சையும் அலையலையாகக் கலந்த உருமறைப்பு. இந்த இரண்டில் எதை முதலில் பூசுவது? இரண்டுமே நன்றாக மறைக்கும் நிறங்கள். ஒளி பற்றிய விதி இங்கே அதிகம் உதவாது. எந்தப் பகுதியை மூடுவது எளிதோ, அதன் நிறத்தை முதலில் பூச வேண்டும் என்பதே என் கருத்து. எண்ணிப் பார்த்தால், வெளிர்நிறம் பற்றிய விதியைவிட இதுவே அடிப்படையானது என்றுகூடச் சொல்லலாம். 1940-இன் இறுதியில் இதே விமானத்தின் பின்னுடலைச் சுற்றி 18 அங்குல அகலத்தில் ஒரு ஸ்கை நிறப் பட்டை வந்தது. மாதிரியில் அது 6.35 மில்லிமீட்டர். அதை முதலில் பூசிவிட்டால், அதே அகலத்தில் நறுக்கிய ஒரே ஒரு துண்டு டேப் அதை மூடிவிடும். கடைசியில் பூச நினைத்தால் பட்டையின் இருபுறமும் உடல் முழுவதையும் போர்த்த வேண்டியிருக்கும். பழுப்பும் பச்சையும் ஏறத்தாழ சம அளவில் பரவியிருப்பதால் அங்கு மட்டும் பழைய விதிப்படி பழுப்பை முந்த விடலாம். ஆக வரிசை ஸ்கை, பழுப்பு, பச்சை என்று அமையும்.

இனி மூடும் வேலை. கார்களுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறையில் கண்ணாடியைச் செய்தித்தாளும் டேப்பும் கொண்டு மறைப்பதை யாவரும் பார்த்திருப்போம். தத்துவம் அதேதான், அளவுதான் சிறியது. சுருளின் ஓரத்தில் தூசி ஒட்டியிருக்கும். எனவே டேப்பைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, புதிய பிளேடால் ஓரத்தை நறுக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கண்ணாடியில் ஒருமுறை ஒட்டி எடுப்பதால் பசையின் முரட்டுப் பிடியும் சற்றுத் தளரும். அகலமான டேப் வளைவுக்கு இணங்காது. 2 மில்லிமீட்டர் கீற்றாக நறுக்கினால் சொன்னபடி வளையும். முதலில் கீற்றால் எல்லையைப் போட்டுவிட்டு உள்ளிடத்தைக் காகிதத்தால் நிரப்பலாம்.

எல்லை கூர்மையாக இருந்தால் செயற்கையாகத் தெரியாதா என்று கேட்பவர் உண்டு. உண்மை விமானத்தில் இரு நிறங்களும் 25 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கலந்திருந்தாலும், நம் அளவில் அது 0.35 மில்லிமீட்டர்தான். கூர்மையான கோடே போதும்.

டேப்பின் அடியில் வண்ணம் கசிவதுதான் எல்லோரையும் வாட்டும் தொல்லை. பலகைக் கோடுகளின் நுண்ணிய பள்ளங்கள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல் வண்ணம் ஊர்ந்து செல்கிறது. ஓரத்தைப் பல்குச்சியால் அழுத்தியபின், முதலில் பூசிய அதே நிறத்தை டேப்பின் விளிம்பில் மெல்லியதாக ஒருமுறை பூசிவிட வேண்டும். கசிவது அதுவாகவே இருக்கும். கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. துளைகள் அடைபட்டுவிடுவதால் இரண்டாம் நிறம் உள்ளே போக வழியில்லை. வண்ணத்தை எப்போதும் டேப்பின் பக்கமிருந்து வெளிநோக்கியே செலுத்த வேண்டும்.

எனாமல் வண்ணத்தில் ஓர் எச்சரிக்கை. தொட்டால் கையில் ஒட்டாதது வேறு, காய்ந்தது வேறு. தின்னர் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும்; பின்பு எண்ணெய்ப் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூக்கின் அருகே கொண்டுபோனால் வாடை வருகிறதா? வந்தால் டேப்பை அணுகவிடாதீர்கள். அக்ரிலிக் விரைவில் காயும். ஆனால் பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்வதில் அதற்குப் பலம் குறைவு. வண்ணம் பூசுமுன் மாதிரியைச் சோப்பு நீரில் கழுவாவிட்டால், கைப்பிசுக்கு இருந்த இடத்தில் டேப்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

இரண்டாம் நிறம் முழுவதும் இறுகும்வரை டேப்பை விட்டுவைப்பதும் சரியன்று. ஓரம் செதில் செதிலாகப் பெயரும். மேற்பரப்பு சற்றே மந்தமானதும், டேப்பை மேல்நோக்கி இழுக்காமல் தன்மீதே மடக்கிப் பின்னோக்கி மெதுவாக உரிக்க வேண்டும். விரலுக்கு வரப்பு தட்டுப்பட்டால், இரண்டு நாள் கழித்து 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து, கோட்டின் நீளவாக்கில் இரண்டு மூன்று முறை தேய்த்துவிடலாம்.