மூச்சும் தசையும்

1993இல் பிரித்தானிய அரசு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பீடித்த நாட்பட்ட சுவாசப்பை நோயைத் தொழில்சார் நோயாக ஏற்றது. கொடுப்பனவு பெறுவதற்கு 20 ஆண்டு நிலக்கீழ் உழைப்பும், முதற் செக்கனில் வெளிவிடும் மூச்சில் 1 லீற்றர் குறைவும் நிரூபிக்கப்படல் வேண்டியிருந்தது. மூச்சு அளக்கப்பட்டது, தசை அளக்கப்படவில்லை.

உழைப்புச் சக்தி தசையிலன்றோ உறைகின்றது? இந்நோயில் தொடைத் தசை நலிகின்றது. நெடுநேரம் தாங்கியுழைக்கும் நார்கள் குறைய, விரைவிற் களைக்கும் நார்கள் விகிதத்தில் மிகுகின்றன. புகையும் அழற்சியும் பெருக்கும் சுயாதீன மூலிகங்கள் தசைப் புரதங்களைச் சிதைப்பது ஒரு காரணம். அசைவின்மை மற்றொன்று, மூச்சுத் திணறலுக்கு அஞ்சி நடவாதிருப்பவர் நடக்கும் வலுவையும் இழக்கின்றார்.

ஆதலின் ஒட்சியேற்ற எதிரிகளை மாத்திரையாக வழங்கினாற் போதுமென்பாருளர். (மருந்து வணிகத்துக்கு உவப்பான முடிவுதான்.) 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றிலே, உடற்பயிற்சி பெற்ற நோயாளருள் ஒரு சாராருக்கு விற்றமின் சீ, விற்றமின் ஈ, நாகம், செலனியம் ஆகியன 28 நாள் வழங்கப்பட்டன. தசையின் தாங்குதிறன் பயிற்சியால் எய்தியதற்கு மேல் உயரவில்லை. தசைவலுவில் மட்டும் ஓரளவு நன்மை காணப்பட்டது. எனவே மாத்திரையை நாம் முற்றாக ஒதுக்குவதற்கில்லை. ஆயினும் அது பயிற்சியின் துணையேயன்றிப் பதிலீடன்று. பயிற்சிக்கோ நேரமும், போதிய புரத உணவும், பயிற்றுவிப்போரும், அவற்றுக்கான பொதுச் செலவும் வேண்டும்.