கைமாவுக்குப் பொட்டுக்கடலை

தாம்பரம், சேலையூர் பக்கம் பன் வாங்க வருகிறவர்கள், "வீட்டிலேயே ஹாம்பர்கர் சுடுகிறோம்; நன்றாக வேகவிட்டால் கறி வறண்டுவிடுகிறதே" என்று நம் கடைக்காரர்களிடம் குறைப்படுகிறார்கள். மருந்து அதே கடையில்தான் இருக்கிறது.

செட்டிநாட்டுக் கோலா உருண்டை முழுக்க வெந்தும் உள்ளே மெத்தென்று இருப்பது எதனால்? கைமாவோடு சேரும் பொட்டுக்கடலை மாவு கறியின் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேல்நாட்டார் பாலில் ஊறிய ரொட்டியைச் சேர்ப்பதும் இதற்கே. கால் கிலோ கைமாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி மாவு போதும், கூடினால் வடையாகிவிடும்! கொழுப்பே இல்லாத கறியும் உதவாது. தணலில் வேகும்போது கரண்டியால் அழுத்தினால் சாறெல்லாம் நெருப்புக்குத்தான்.

அதற்காக அரைவேக்காட்டில் எடுக்கலாகாது. முழுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான் இருக்கும். கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் பரவிய நோயில் 4 குழந்தைகள் இறந்தனர். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் அறிவுரை. நிறத்தை மட்டும் பார்த்து இறக்கிவிடக் கூடாது.

பொட்டுக்கடலை புதிதாக இருக்கட்டும். வண்டு விழுந்த மூட்டை ஒன்று எங்கள் கிடங்கிலிருந்தே போய்த் திரும்பி வந்தது. மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தோம். அரைக்குமுன் நாலு கடலையை வாயில் போட்டுப் பாருங்கள்.