38 வயதுப் படகுக்கு என்ன விலை?

2023 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்து அன்னாபொலிஸ் ஊரில், ஒரு படகுப் பட்டறையின் பளுதூக்கியில் எங்கள் படகு இரண்டு அகலப் பட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் ஒருவர் சின்னச் சுத்தியலோடு நடந்துகொண்டிருந்தார். ஒரு சாணுக்கு ஒரு தட்டு. டக், டக், டக். அந்தச் சத்தம் மாறாமல் இருக்க வேண்டுமே என்று நான் கைகளைப் பிசைந்தபடி நின்றேன்.

அவர் சர்வேயர். நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர். இங்கே படகு வாங்க வருகிறவர் தன் செலவில் கூட்டிவரும் பரிசோதகருக்கும் அதே பெயர்தான். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோம் இல்லையா, அதேதான் இதுவும். கண்ணாடியிழை உறுதியாக இருந்தால் 'டக்' என்று கேட்கும். அடுக்குகள் பிரிந்தோ உள்ளே ஊறியோ இருந்தால் 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும்.

எனக்கு இது புதிதல்ல. நான் தூத்துக்குடிக்காரி. என் அம்மாவின் அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பாய்த்தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துபவர். தோணி கரையேறிக் கிடக்கும்போது, பலகை இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பலகையையும் விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போவார். "ஏட்டி, காதை வச்சுக் கேளு. கெட்ட பலக தானாச் சொல்லிரும்" என்பார். அறுபது வருஷம் கழித்து, உலகத்தின் மறுகோடியில், அதே சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றேன்.

எங்களுடையது கேட்டலினா 30 என்ற பாய்மரப் படகு. 1985இல் கட்டியது. 30 அடி நீளம், கிட்டத்தட்ட 11 அடி அகலம், எடை 4,600 கிலோ. அதில் 1,900 கிலோ அடியில் இறங்கும் ஏராவில் இருக்கும் ஈயம். காற்று பாயைச் சாய்க்கும்போது படகை நிமிர்த்துவது அந்த ஈயம்தான். உள்ளே படுக்கை, இரண்டு அடுப்பு, கழிவறை, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் எல்லாம் உண்டு. பந்தயத்துக்கான படகல்ல, நாள்கணக்கில் தங்கி ஊர் ஊராகப் போவதற்கானது. 2003இல் 24,000 டாலருக்கு வாங்கினோம். இருபது கோடைகள் செசபீக் விரிகுடாவில் அதிலேதான் கழிந்தன. அடுப்பில் எப்போதும் பிரஷர் குக்கர் இருக்கும். அலையில் படகு ஆடினாலும் மூடி பூட்டிய குக்கரிலிருந்து ஒரு பருக்கை சிந்தாது.

என் கணவர் ஈரோட்டுக்காரர். நீச்சலையே இங்கே வந்துதான் கற்றார். ஆனால் பாய் ஏற்றுவதும் சுக்கான் பிடிப்பதும் அவர். எஞ்சினும் கணக்கும் நான். 2022இல் அவருக்கு இடுப்பு மாற்று அறுவை நடந்தது. துறையிலிருந்து படகுக்குள் கால் எடுத்து வைக்கவே யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. "ஏங்க, விற்றுவிடலாம்" என்று சொன்னது நான்தான்.

அவர் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார். வாங்கிய விலை, புதுப் பாய், வடங்கள், எஞ்சின் உதிரிகள், பெயின்ட் எல்லாம் கூட்டி, "இதில் பாதியாவது கேட்கணும்மா. 28,000" என்றார்.

அந்த விலை வராது என்று அவரை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன், பழைய படகுச் சந்தையே இதில் அடங்கியிருக்கிறது. மரத் தோணி கவனிக்காவிட்டால் சில வருஷங்களில் மக்கிப்போகும். கண்ணாடியிழை மக்காது. 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு டிரைட்டன் என்ற 28 அடிப் படகு வந்தபோதுதான், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய கண்ணாடியிழைப் பாய்மரப் படகு பெருமளவில் பிறந்தது. அடுத்த முப்பது வருஷம் பட்டறைகள் வார்த்துத் தள்ளின. கேட்டலினா 30 மட்டுமே 6,000க்கு மேல் கட்டப்பட்டது. அவற்றில் ஏராளமானவை இன்னும் மிதக்கின்றன. படகுகள் அழியவில்லை, வாங்குகிறவர்கள்தான் அந்த அளவுக்கு இல்லை. அதோடு, விலையைக் கொடுத்ததும் செலவு முடிந்துவிடாது. துறையில் கட்ட வாடகை, பனிக்காலத்தில் கரையேற்றக் கூலி, காப்பீடு என்று ஒவ்வொரு வருஷமும் வந்து நிற்கும். வாங்க வருகிறவர் அந்தக் கணக்கையும் மனத்தில் வைத்துத்தான் விலை சொல்வார்.

ஆகவே, நீங்கள் செலவழித்த பணம் விலையில் திரும்பி வராது. அது நீங்கள் படகில் பத்திரமாகப் போய்வந்ததற்கான செலவு. பராமரிப்பு தருவது வேறொன்று: ஒருவர் இந்தப் படகைப் பயமில்லாமல் வாங்க முடியும்.

பயமில்லாமல் வாங்க வைப்பது எழுத்து. என்னிடம் நாலு கோடு போட்ட நோட்டுகள் இருந்தன. எண்ணெய் மாற்றிய தேதி, எஞ்சின் ஓடிய மணி, மாற்றிய உதிரியின் எண், ரசீது. எங்கள் படகின் எஞ்சின் யுனிவர்சல் என்ற மூன்று சிலிண்டர் டீசல். உண்மையில் அது குபோட்டா எஞ்சின். நம் ஊர் வயலில் ஓடும் டிராக்டரின் பெயர்தான். அதைக் கடலுக்கு ஏற்ப மாற்றி அமைத்திருக்கிறார்கள். கடல் நீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்புக்குள் ரப்பர் இதழ் வைத்த சக்கரம் ஒன்று இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சக்கரம் கிழிந்தால் எஞ்சின் சூடாகி நின்றுவிடும். வருஷம் தவறாமல் மாற்றினேன். அதேபோல் எஞ்சின் சுழற்றும் சுழலித் தண்டில் ஓர் உலோகக் கட்டியைப் பூட்டி வைப்போம். துத்தநாகமோ அலுமினியமோ, அது தன்னை அரித்துக்கொண்டு வெண்கலத்தையும் எஃகையும் காப்பாற்றும். அரைவாசி கரைந்ததும் புதுக்கட்டி. நவம்பரில் குழாய்களில் உறைவுத் தடுப்புத் திரவம் ஊற்றியாக வேண்டும். தவறினால் பனியில் தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். இருபது நவம்பருக்கும் நோட்டில் வரி இருந்தது.

பெரிய செலவு பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்; ஆனால் காற்றுப் படாத இடுக்கில் ஈரத்தோடு இருந்தால் அதுவும் அரிக்கும். அந்த எஃகின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் பட்டைகளிலும் வடத்தின் முனைக் குப்பிகளிலும் அது கிடைக்காது. வெளியே பளபளப்பு, உள்ளே விரிசல். 2016இல் எல்லா வடங்களையும் மாற்றினோம். அந்த ரசீதைத்தான் வாங்க வந்த எல்லோரும் முதலில் கேட்டார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் கேட்கும்.

விற்பனைக்குத் தரகர்கள் உண்டு. வழக்கமாகப் பத்து சதவீதம். எங்கள் விலைக்கு அது அவசியமில்லை என்று நானே விளம்பரம் எழுதினேன். 15,000 டாலர். 46 படங்கள். அதில் பதினோரு படம் குறைகளுக்கானவை: விரிசல் விட்ட ஜன்னல், சாயம் போன இருக்கை உறை, ஏரா உடலோடு சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. கடைசியாகச் சொன்னது திருகாணியில் பூட்டிய ஏரா உள்ள படகுகளில் பார்க்கக்கூடியது. ஆனால் மறைத்து வைத்தால் வாங்குகிறவர் தானாகக் கண்டுபிடிப்பார், அப்புறம் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

"குறையை நாமே காட்டணுமா?" என்றார் என் கணவர்.

"நம்ம வீட்டுப் பெண்ணா, பவுடர் பூசி உட்கார வைக்க? சுத்தியலோடு ஆள் வரப்போகுதுங்க" என்றேன்.

துணிமணி, பாத்திரம், மருந்துப் பெட்டி, கொழுக்கட்டைத் தட்டு வரை இறக்கினோம். அடித்தளத்துத் தண்ணீரை வடித்து, சோப்புப் போட்டுக் கழுவி, மூன்று நாள் கதவு திறந்து போட்டோம். வருகிறவர் படியில் இறங்கியதும் முதலில் மோந்துதான் பார்ப்பார். பூஞ்சை வாடையும் டீசல் வாடையும் அடித்தால் அப்புறம் நோட்டைத் திறக்கவே மாட்டார்.

முதல் வாரத்தில் ஒருவர் வந்தார். சர்வே வேண்டாம், கேட்ட பணம் ரொக்கமாக இன்றைக்கே என்றார். எந்தத் துறையில் கட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. காப்பீடு? அதுவும் இல்லை. நான் விற்கவில்லை. கட்ட இடமும் காப்பீடும் இல்லாத பழைய படகுகள் ஏதோ ஓர் ஓடையில் நங்கூரம் போட்டபடியே கைவிடப்பட்டு மூழ்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றை அரசுதான் தூக்கி அப்புறப்படுத்த வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால் தேடி வருவது பழைய சொந்தக்காரரிடம்.

பிறகு வந்தது ஓர் இளம் தம்பதி. அவள் பள்ளி ஆசிரியை, அவன் தச்சு வேலை செய்பவன். படகின் பின்புறம் வலது மூலையில் பொறித்த பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணைக் குனிந்து படித்து, உரிமைச் சான்றோடு ஒப்பிட்ட பிறகுதான் உள்ளேயே ஏறினார்கள். 1972 நவம்பரிலிருந்து அமெரிக்காவில் கட்டும் படகுகளுக்கெல்லாம் அந்த எண் கட்டாயம். அதைச் சரிபார்க்காமல் படகு வாங்கக் கூடாது. பத்து சதவீதம் முன்பணம் கொடுத்து, சர்வே திருப்தியாக இருந்தால் மட்டுமே என்று கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வயிறு முழுக்க டக் டக் என்றே கேட்டது. சுத்தியல் மேல்தளத்துக்கு ஏறியது. இடப்பக்கக் கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டைச் சுற்றி, 'தொப்'.

மேல்தளம் முழுக்கக் கண்ணாடியிழை அல்ல. இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே மரம் வைத்த அடுக்கு. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் மேலே ஒரு திருகாணித் துளையில் அடைப்புப் பசை காய்ந்தால் தண்ணீர் இறங்கி மரம் ஊறிவிடும். சர்வேயர் ஈரமானியை வைத்தார், முள் ஏறியது. ஓர் உள்ளங்கை அகலம்தான். "இதை எப்போதாவது கழற்றிப் பசை மாற்றினீர்களா?" என்றார்.

மூன்றாம் நோட்டைப் புரட்டினேன். 2014 மே. என் கையெழுத்திலேயே: 'இடப்பக்கக் கைப்பிடி, பசை மாற்ற வேண்டும்.' அதற்குக் கீழே செய்ததாக வரி இல்லை. அந்தப் பக்கத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். ஒன்பது வருஷம் அதைச் செய்யாமல் விட்டது என் தவறு, இன்றும் உறுத்துகிறது. ஒரு மணி நேர வேலை, ஒரு குழாய்ப் பசை.

பிற்பகலில் கடலோட்டம். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு வெப்பமானியைப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. விரிகுடாவுக்குள் வந்ததும் பாயை ஏற்றினோம். என் கணவர் துறையிலேயே பெஞ்சில் இருந்துவிட்டார். அந்தப் பெண் சுக்கான் பிடித்தாள். காற்று பக்கவாட்டில் வந்ததும் படகு ஒரு முறை சாய்ந்து, ஈயத்தின் மேல் ஊன்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

சர்வே அறிக்கையில் பதினான்கு குறைகள் இருந்தன. பதின்மூன்று என் விளம்பரத்திலேயே இருந்தவை. அவற்றுக்காக அவர்கள் ஒரு டாலரும் குறைக்கவில்லை. பதினான்காவதுக்கு மட்டும் 1,500 கேட்டார்கள். பட்டறையில் விசாரித்தேன், அந்த வேலைக்கு அதுதான் கூலி. ஒத்துக்கொண்டோம். உரிமைச் சான்றில் கையெழுத்துப் போட்டு, விற்பனைப் பத்திரத்தின் ஒரு பிரதியை நாங்கள் வைத்துக்கொண்டோம். விற்பனை விலையில் ஐந்து சதவீத வரியை அவர்கள் மாநில இயற்கை வளத்துறையில் கட்டிப் பெயர் மாற்றினார்கள். நாலு நோட்டும் படகோடு போயின. குக்கரையும் அவர்கள் கேட்டதால் விட்டுவிட்டேன்.

நவம்பரில் அந்தப் பையன் போன் செய்தான். வெந்நீர்த் தொட்டியின் வடிகால் எங்கே இருக்கிறது, தேடித் தேடிப் பார்க்கிறேன் என்றான். இரண்டாம் நோட்டில் படம் வரைந்திருக்கிறேன் என்றேன். இடப்பக்கக் கைப்பிடியைக் கழற்றி, ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, பிசின் ஊற்றிப் பசை வைத்துவிட்டதாகவும் சொன்னான். அதை நோட்டில் எழுதினாயா என்று கேட்டேன். எழுதிவிட்டானாம்.

28,000 என்ற தாளை என் கணவர் இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார். எங்களுக்குக் கிடைத்தது 13,500 டாலர். 38 வயதுப் படகுக்கு அது நியாயமான விலை.