எக்குழாய் எந்நீர்?

சென்ற கோடை விடுமுறையில், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் வாழும் எம் அத்தையார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். அவர்கள் புதிதாகக் குடிபுகுந்த அவ்வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, தரைமட்டத்திற்குத் தாழ, ஒரு சிற்றறை உண்டு. நீர்த்தொட்டியும், நீரை மாடிக்கு ஏற்றும் மோட்டாரும் ஆண்டே உள்ளன. அவ்வறைச் சுவரினின்று மூன்று குழாய்கள் வெளிப்போந்து நின்றன. ஒன்று துருவேறிய இரும்பு; ஏனைய இரண்டும் கரிய பிளாஸ்டிக். இவை எங்கிருந்து வருவன என வினவினோம். விடையிறுப்பார் ஒருவருமிலர். குழாய் பதித்தவர் ஊரிலில்லை; வீட்டுக்காரரோ அவ்வீட்டை அண்மையில் விலைக்குக் கொண்டவர். அத்தையார் நகைத்து, "எந்தக் குழாயில் வந்தால் என்ன கண்ணு, எல்லாம் நல்ல தண்ணீர்தானே" என்றார்கள்.

அவ்வொரு சொல்லே எம்மை அச்சுறுத்தியது. அந்நாட்டு மக்கள் நீரை உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் என இரு கூறாக்குவர், பகுப்பது நாவே. புளோரைடு என்னும் உப்போ நிறமுடையதன்று, மணமுடையதன்று. குடிநீரிற் கலந்திருக்கும் அளவிற் சுவையாலும் புலப்படாது. தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளின் கடும்பாறைகளில் உள்ள அப்பிரகம் முதலிய கனிமங்களினின்றும் அது நிலத்தடி நீரிற் கரைகின்றது. அளவு மிகுந்த நீரைப் பல்லாண்டு பருகுவார்க்கு எலும்பும் மூட்டும் இறுகும். இளமையிற் பருகும் குழவிகட்கோ, ஈற்றினுள்ளே உருவாகிவரும் பற்கள் கறைபட்டு முளைக்கும்; அக்கறை விளக்கினாலும் நீங்குவதன்று. அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த நெல்லூர் மாவட்டத்து மக்களிடம் இந்நோயைக் கண்டு, சார்ட்டு, பண்டித்து முதலிய மருத்துவ அறிஞர் 1937-இல் எழுதி வெளியிட்டனர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடையாவிடின் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இக்கேட்டினை நீக்குதற்கென்றே ஜப்பானிய நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பெற்று, 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. ஆதலின் காவிரி நீர் இன்று தெருவரை வந்துளது. தெருவினின்று அடுக்களை வரை வருவதும் அதுதானா என்பதே வினா.

நிற்க. பெயரறியாக் குழாயை அறியும் வழி யாது? முதற்கண் அதன் பொருளை நோக்குக. காந்தம் பற்றினால் இரும்பு. பற்றாது, கத்தியாற் கீறியவிடத்து வெள்ளிபோல் மின்னி, நகம்படக் குழையுமாயின் ஈயம். மேனாட்டுப் பழைய வீடுகளின் நிலவறைகளில் இச்சோதனை மிக வேண்டப்படுவதாம். அமெரிக்க நாட்டுப் பிளிண்டு நகரில் 2014-இல் ஆற்று நீருக்கு மாறியபின், ஈயக் குழாய்கள் அரிக்கப்பட்டு நீரில் நஞ்சு கலந்தது. எவ்வீட்டிற்குச் செல்வது ஈயக் குழாய் என்று காட்டும் செவ்விய குறிப்புக்கூட அந்நகரத்தாரிடம் அப்போது இல்லை. நம் அத்தையார் வீட்டில் ஈயம் இல்லை. இரும்புக் குழாயைத் தட்டினோம், வெற்றொலி எழுந்தது; புறத்தே சென்று பார்த்தபோது அது தெருவோரத்தில் அறுபட்டு மண் மூடிக் கிடந்தது.

கரிய குழாய்களே எம்மை மயக்கின. தெரு இணைப்பிற்கும் கரிய குழாய் இடுவர். ஆழ்துளைக் கிணற்றிற்கும் அதனையே இடுவர். ஆகவே நிறத்தை நம்பலாகாது. அறுத்துப் பார்த்தலும் ஆகாது. மின்கம்பி செல்லும் குழாயும் நீர்க்குழாய்போற் கிடத்தல் உண்டு. ஓடும் நீரைக் கொண்டே அறிதல் வேண்டும். எல்லா மோட்டாரையும் நிறுத்தி, தெருவில் நீர் விடும் வேளைக்குக் காத்திருந்தோம். இடக்குழாயினின்று நீர் தொட்டியில் வீழ்ந்தது. வாயருகே முகர்ந்தபோது குளோரின் வாடை இருந்தது. (தொட்டியிற் கிடந்த நீரில் இவ்வாடை நீங்கிவிடும், குழாய் வாயிலேயே முகர்தல் வேண்டும்.) தெருநீர் நின்றபின், கொல்லையிலுள்ள ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை இயக்கச் செய்து, வலக்குழாயின்மேற் கைவைத்தோம். அஃது அதிர்ந்தது; சற்று நேரத்தில் அதனினின்றும் நீர் அதே தொட்டியில் வீழ்ந்தது! குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே அக்கிணற்று நீர் செல்வதென அவர்கள் எண்ணியிருந்தனர். காவிரியும் கிணறும் ஒரே தொட்டியிற் கலந்து அடுக்களைக்கு ஏறிக்கொண்டிருந்தன.

அத்தையார் அப்போதும் உடன்படவில்லை. இரு நீரிலும் சோப்புக் கரைத்து, "கிணற்று நீரில்தானே நுரை மிகுதி! கடின நீராயின் இப்படி நுரைக்குமா?" என்றார்கள். யாமும் சிறிது தயங்கினோம். பின்னர் நூல்களைப் பார்த்தபோது, கால்சியம் மிகுந்த நீரிற் புளோரைடு அதனோடு கூடிப் படிந்துவிடும் என்றும், கால்சியம் குறைந்து சோப்பு நன்கு நுரைக்கும் நீரிலேயே அது மிகுதியும் கரைந்து நிற்கும் என்றும் கண்டோம். நுரை நற்சான்றன்று. காய்ச்சிக் குடிப்போம் என்பாரும் உளர். காய்ச்சுதலால் நீர் ஆவியாகுமேயன்றிப் புளோரைடு ஆவியாகாது. எஞ்சிய நீரில் அது செறியும். ஆய்வகமே தீர்ப்புக் கூறவல்லது. ஆதலின் இரு குழாய் நீரையும் தனித்தனிப் புட்டியிலே பிடித்து, பெயரும் நாளும் எழுதி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திற்குக் கொண்டுசென்றோம். காவிரி நீர் வரம்பினுள் இருந்தது. கிணற்று நீர் வரம்பைக் கடந்திருந்தது.

அத்தையார் அத்தாளை இருமுறை படித்தார்கள். மூத்த மகனின் முன்பற்களில் முன்னரே பழுப்புக் கோடுகள் உள. இளையவளுக்கு வயது நான்கு; பாற்பற்கள் இன்னும் விழவில்லை. அன்று மாலையே வீட்டுக்காரரை அழைத்து, வலக்குழாயைத் தொட்டியினின்று பிரித்துக் கொல்லைத் தென்னைக்குத் திருப்பச் செய்தார்கள். தொட்டியைக் கழுவி முடித்தபின், இரு குழாய்களுக்கும் மேலே சுவரில் 'காவேரி' என்றும் 'போர்' என்றும் கரியால் எழுதியவர்களும் அவர்களே. இனி அவ்வீட்டிற் குடிபுகுவார் எவரேனும் எம்மைப்போல் வினவ நேரின், சுவர் விடை கூறும்.